வட கடலுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு

நான் ஓய்வுபெற்ற நாளன்று எங்கள் கடிகாரத் திருத்தகத்தில் கேக் வெட்டினார்கள். உங்களில் ஒருத்தி, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை, கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “அன்ரி, இவ்வளவு வருசத்திலை நீங்கள் ஒரு பெரிய பிழையும் விடேல்லையோ?” எல்லாரும் சிரித்தார்கள். “ஓம் பிள்ளை, கனக்க விட்டிருக்கிறன். ஒருநாள் சொல்லுறன்” என்று நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. பேப்பர்த் தட்டுடன் நின்றுகொண்டு சொல்லக்கூடிய கதையும் அல்ல அது. ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன். எண்ணெயை எங்கே இடுவது, எந்தத் திருகாணியை எவ்வளவு இறுக்குவது என்பதையெல்லாம் இப்போது உங்களுக்கு வகுப்பிலேயே கற்றுத்தருகிறார்கள். எனக்குக் கற்றுத்தந்ததைவிட நன்றாகவே கற்றுத்தருகிறார்கள். அதை நான் தொடப்போவதில்லை. எல்லாவற்றையும் செய்து முடித்து, கடிகாரத்தை உரியவர் கையில் கொடுத்து அனுப்பிய பிறகு, “சரியாகத்தான் செய்தேனா?” என்று ஒரு சந்தேகம் வரும் பாருங்கள், அந்த நேரத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தேன். ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். இங்கே வந்து, மோர்டனில் வீடு எடுத்து, பக்கத்திலேயே காது கேட்கும் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குப் போனேன். நுணுக்குக்காட்டிக்குக் கீழே முடியளவு கம்பிகளை ஒட்டுகிற வேலை. அந்தக் காலத்தில் பற்றரிக் கடிகாரங்கள் மலிவாக வந்து குவிந்துவிட்டதால், சாவி கொடுக்கும் கடிகாரங்களைத் திருத்தத் தெரிந்தவர்கள் பலர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஒரு சுவிட்சர்லாந்துக் கடிகார நிறுவனத்தின் லண்டன் திருத்தகத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். கடிகாரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கை நடுங்காதவர்கள் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். நான் எழுதிப் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்துக்கு இரண்டு தடவை அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள்.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. உங்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை. சேர்ந்த அன்றே ஒரு சிறிய புத்தகம் தந்தார்கள். நிறுவனத்தின் வரலாறு. தூசியும் ஈரமும் புகாத உறையை முதலில் செய்தது, கையின் அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் பொறியைச் செய்தது, ஆழ்கடலில் வேலை செய்பவர்களுக்கான கடிகாரத்தைச் செய்தது எல்லாம் அதில் பளபளப்பான படங்களோடு இருந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒரு மேதை காலையில் எழும்பி யன்னலைத் திறந்தபோது தோன்றியதுபோல எழுதியிருந்தார்கள். வேலைக்குப் போகும் ரயிலில், நான் இறங்கும் ஏஞ்சல் நிலையம் வரும்வரை அதை வாசித்துக்கொண்டு போவேன். அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பினேன்.

அங்கே என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய மூன்று கிழமை இருந்தபோது அந்த ஸ்கொட்லாந்துக்காரர் வந்தார்.

கடலடியில் எண்ணெய்க் குழாய்களைப் பொருத்தும் சுழியோடி அவர். நெடிய மனிதர். கை ஒவ்வொன்றும் பலாக்காய் அளவு. தன் கடிகாரத்தை வரவேற்பு மேசையில் ஒப்படைத்துவிட்டுப் போகாமல், இதைத் திறக்கப்போகிறவரோடு கதைக்க வேண்டும் என்று நின்றிருக்கிறார். என்னைக் கூப்பிட்டார்கள். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு வியப்பு வந்துபோனது. சேலை உடுத்தவில்லையே தவிர, பொட்டு வைத்திருந்தேன்.

“இதைத் திறக்கப்போவது நீங்களா?”

“நான்தான்.”

“அப்படியென்றால் ஒன்று சொல்லவேண்டும்” என்று, தன் வேலை எப்படிப்பட்டது என்பதை விளக்கினார். கடலடியில் அவ்வளவு ஆழத்தில் வேலை செய்கிறவர்கள் தினமும் மேலே வந்து போக முடியாது. அழுத்தம் திடீரென்று குறைந்தால் ஆள் தப்பாது. ஆகவே கப்பலில் ஓர் இரும்பு அறைக்குள், கடலடியில் உள்ள அதே அழுத்தத்தில், மூன்று நான்கு கிழமை அடைபட்டு இருப்பார்கள். அங்கிருந்து ஒரு கூண்டில் இறங்கி வேலைக்குப் போய், திரும்பவும் அந்த அறைக்கே வருவார்கள். சுவாசிப்பது ஹீலியம் கலந்த காற்று. வேலை முடிந்ததும் பல நாட்களாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைத்து வெளியே எடுப்பார்கள்.

ஹீலியம் பொல்லாதது. தண்ணீர் புக முடியாத இடுக்கிலும் அது புகுந்துவிடும். கடிகாரத்துக்குள் போய் நிறைந்துவிடும். அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது உள்ளே போன வாயுவுக்கு வெளியேற வழி இல்லாவிட்டால், கடிகாரத்தின் கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறக்கும். அதற்காகத்தான் எங்கள் நிறுவனம் கடிகாரத்தின் விலாவில் ஒரு சின்ன வால்வைப் பொருத்தியிருந்தது. உள்ளே அழுத்தம் கூடினால் வால்வு தானாகத் திறந்து வாயுவை வெளியே விடும். அந்த வால்வை மூடிப் பிடித்திருப்பது, கடுகைவிடச் சற்றுப் பெரிய ஒரு ஸ்பிரிங்.

“வால்வு இல்லாத கடிகாரம் ஒன்றை என் நண்பன் கட்டியிருந்தான்” என்றார் அவர். “நான் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தேன். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடி என் தலைக்கு மேலே சுவரில் அடித்து விழுந்தது. ஒரு சாண் கீழே பறந்திருந்தால் என் கண் போயிருக்கும். அதனால்தான் இதை வாங்கினேன். இந்த வால்வை மட்டும் நன்றாகப் பாருங்கள்.”

“பார்க்கிறேன்” என்றேன்.

போகும்போது, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். “அந்த அறைக்குள் பகலும் இல்லை, இரவும் இல்லை. இதைப் பார்த்தால்தான் மகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுகிற நேரம் என்று தெரியும்.”

நான் கடிகாரத்தைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். ரப்பர் வளையங்களை மாற்றினேன். வால்வின் ஸ்பிரிங்கை மாற்றினேன். தண்ணீர் அழுத்தச் சோதனையில் வைத்தேன். ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. ஒரு புதன்கிழமை அவர் வந்து வாங்கிக்கொண்டு, வடகடல் வேலைக்குப் போக அபர்டீனுக்கு ரயிலேறினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணியளவில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தூசி ஊதும் ரப்பர்க் குமிழைத் தூக்கினால், அதன் அடியில் ஒரு ஸ்பிரிங். புத்தம் புதியது. அந்த வால்வுக்குரியது.

அந்தக் கிழமை முழுவதும் நான் திறந்த ஆழ்கடல் கடிகாரம் அது ஒன்றுதான். உதிரிப்பாகக் களஞ்சியத்திலிருந்து நான் வாங்கிய புது ஸ்பிரிங்கும் ஒன்றே ஒன்றுதான். அது இங்கே கிடந்தால், அவர் கொண்டுபோன கடிகாரத்துக்குள் இருப்பது பழையது. உப்பேறி, பாசி பிடித்த நிறத்தில் இருந்த ஸ்பிரிங். அதை நான் கழற்றியது நினைவிருந்தது. ஆனால் குப்பையில் போட்டேனா, மறுபடியும் எடுத்து உள்ளே வைத்தேனா? எவ்வளவு யோசித்தும் கை செய்தது நினைவுக்கு வரவில்லை. குப்பைக் கூடையை முதல் நாளே கொட்டிவிட்டார்கள்.

எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் மதுரைக்காரர். இந்திய ரயில்வேயில் இருபது வருடம் களஞ்சியம் பார்த்துவிட்டு வந்தவர். தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்தார்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“அண்ணை, இந்த ஸ்பிரிங் இஞ்ச கிடக்கு. அப்ப அந்தச் சுழியோடியின்ரை மணிக்கூட்டுக்குள்ளை என்ன கிடக்கு?”

அவர் கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். “தண்ணி டெஸ்ட்ல பாஸ் ஆச்சுல்ல?”

“ஓம். தண்ணி உள்ளுக்கை போகாதெண்டுதான் அந்த ரெஸ்ற் சொல்லும். வாயு வெளியிலை வருமோ எண்டு அது சொல்லாதே.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உங்க ப்ரொபேஷன் முடிய எவ்வளவு நாள் இருக்கு?”

“சரியா ரெண்டு நாள்.”

“திங்கக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதீங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பழைய ஸ்பிரிங்கே உள்ள இருந்தாலும் என்ன? இத்தனை வருஷம் வேலை செஞ்சதுதானே? இன்னும் ஒரு தடவை செய்யாதா?”

அவரைப் பற்றித் தவறாக நினைத்துவிடாதீர்கள். நல்ல மனிதர். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. பழைய ஸ்பிரிங் வேலை செய்யவும்கூடும். என் கணவருடைய விசா விண்ணப்பம் அப்போது உள்துறை அலுவலகத்தில் கிடந்தது. அவருக்கு நிரந்தர வேலை இல்லை. என் வேலையை நம்பித்தான் வீடு ஓடியது. கதிரையில் உட்கார்ந்து அடுத்த கடிகாரத்தை எடுத்தேன். சாமணத்தால், அந்தச் சின்ன இடுக்கியால், ஒரு திருகாணியைப் பிடிக்கப் போனேன். பிடிக்க முடியவில்லை. கை நடுங்கியது. நடுங்காத கை என்று சொல்லித்தான் இந்த வேலையை எனக்குத் தந்தார்கள். கால்மணி நேரம் முயன்றுபார்த்தேன். முடியவில்லை.

நான் துணிந்து எழும்பிப் போனேன் என்று உங்களுக்குச் சொல்ல விருப்பம்தான். உண்மை அதுவல்ல. அந்தக் கையோடு அந்த மேசையில் மாலைவரை உட்கார என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

எங்கள் திருத்தகத்தின் தலைவர் சுவிட்சர்லாந்துக்காரர். என்னைவிடப் பத்து வயது கூடியிருப்பார். அதிகம் பேசமாட்டார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தார். நான் ஸ்பிரிங்கை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து அவர் முன் நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது இடையிடையே மன்னிப்புக் கேட்டேன், சோதனை செய்ததைச் சொன்னேன், அந்தக் கிழமை வேலை கூட என்றும் சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“மூன்று கேள்வி. எது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்?”

“ஒரு புது ஸ்பிரிங் மேசையில் கிடக்கிறது.”

“எது தெரியாது?”

“உள்ளே இருப்பது எது என்று தெரியாது.”

“அவர் இப்போது எங்கே?”

அதுவும் எனக்குத் தெரியவில்லை. தலைவர் வாடிக்கையாளர் கோப்பைத் திறந்து, சுழியோடி வேலை செய்யும் கம்பனியின் அபர்டீன் இலக்கத்தைத் தேடினார். தானே சுழற்றினார். மறுமுனையில் ஒரு பெண் குரல், அவர் நேற்றே கப்பலேறிவிட்டார், இன்று அதிகாலையிலிருந்து அழுத்த அறைக்குள் இருக்கிறார் என்றது. இனி நான்கு கிழமைக்கு வெளியே வரமாட்டார்.

ஒரு நாள் முந்தி மேசையைத் துடைத்திருந்தால் அவரைத் துறைமுகத்திலேயே பிடித்திருக்கலாம்.

“கப்பலோடு கதைக்க முடியுமா?” என்று கேட்டார் தலைவர்.

முடியும் என்றார்கள். வானொலித் தொலைபேசி வழியாக இணைப்பு வர முக்கால் மணி நேரம் எடுத்தது. காத்திருக்கும்போது அவர் கேட்டார்: “வால்வு திறக்காவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும்? அதை யோசித்துவிட்டீர்களா?”

யோசித்திருக்கவில்லை. அதுவரை என் பிழையைப் பற்றி மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிழையைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தால், அந்த மனிதர் இரும்பு அறைக்குள் பயத்தோடு இருப்பார், நான் மட்டும் லேசான மனத்தோடு வீட்டுக்குப் போவேன். ஒரு தாளை எடுத்து, கடிகாரத்தின் குறுக்குவெட்டைக் கீறினேன். வாயு வெளியே வர வேறு வழி எது? கடிகாரத்தின் பக்கத்தில், சாவி கொடுக்கத் திருகும் சாவிக் குமிழ். அதைத் திருகித் திறந்து வைத்தால், அந்த வழியாக வாயு போகும். தண்ணீருக்குள் இருக்கும்போது அதை இறுக மூடித்தான் வைக்க வேண்டும். அழுத்தத்தைக் குறைக்கும் நாட்களில், அறைக்குள் தண்ணீர் இல்லை. அப்போது திறந்து வைக்கலாம். தாளைத் தலைவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினார்.

மணி அடித்தது. அவர் எடுத்து யார் பேசுகிறோம் என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தார். “நான் சொல்லட்டுமா?”

“நான் சொல்கிறேன்” என்றேன்.

முதலில் கப்பலில் அறைக்கு வெளியே காவல் இருக்கும் மேற்பார்வையாளர் பேசினார். கடிகாரம் திருத்துகிறவர் என்றதும், “கடிகாரமா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, “பொறுங்கள். உள்ளே இணைக்கிறேன். குரல் விளங்காவிட்டால் நான் திருப்பிச் சொல்லுவேன்” என்றார்.

ஹீலியத்தைச் சுவாசிக்கிறவர்களின் குரல் மாறிவிடும் என்று எனக்குத் தெரியாது. அந்த மலை போன்ற மனிதரின் குரல், மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தும் நான்கு வயதுப் பிள்ளையின் குரலாக வந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. பயத்தின் உச்சத்தில் இருந்த எனக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“யார் இறந்துவிட்டார்கள் என்று கேட்கிறார்” என்று மேற்பார்வையாளர் மொழிபெயர்த்தார்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. “ஒருவரும் இல்லை” என்றேன் அவசரமாக. “வீட்டில் எல்லாரும் நலம். இது உங்கள் கடிகாரத்தைப் பற்றி மட்டும். நான் உங்கள் வால்வுக்குள் பழைய ஸ்பிரிங்கை வைத்துவிட்டிருக்கலாம். எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமாகத் தெரியும்வரை அந்த வால்வை நம்பவேண்டாம். தண்ணீருக்குள் போகும்போது பயமில்லை, வழமைபோலக் கட்டுங்கள், சாவிக் குமிழை இறுக மூடிவையுங்கள். அழுத்தத்தைக் குறைக்கத் தொடங்குவதற்கு முன், குமிழைத் திருகித் திறந்து, கடிகாரத்தைக் கழற்றி, ஒரு துவாயில் சுற்றிவையுங்கள். வெளியே வரும்வரை மூடவேண்டாம். வந்ததும் எங்களிடம் கொண்டுவாருங்கள்.”

அந்தப் பிள்ளைக் குரல் ஏதோ நீளமாகக் கீச்சிட்டது. மேற்பார்வையாளர் ஒவ்வொன்றாகச் சொன்னார்: “தண்ணீரில் மூடு. அழுத்தம் குறையும்போது திற. துவாயில் சுற்று. சரியா என்று கேட்கிறார்.”

“சரி.”

இன்னொரு கீச்சு.

“நன்றி என்கிறார். நேரம் சரியாகத்தான் ஓடுகிறதாம்.”

போனை வைத்ததும் தலைவர் எழும்பி யன்னலைத் திறந்தார். “தேநீர் குடித்துவிட்டு வேலையைப் பாருங்கள்” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலை வீட்டுக்குப் போனதும் கணவருக்குச் சொன்னேன். அவர் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீர் சொன்னது நல்லது. சொல்லாமல் வந்திருந்தால் இண்டைக்கு உமக்கும் சாப்பாடு இறங்கியிராது, எனக்கும் இறங்க விட்டிருக்கமாட்டீர்” என்றார்.

“வேலை போனால் என்ன செய்யிறது?”

“காது மெசின் பக்ரரி ஒரு இடமும் ஓடிப்போகேல்லையே. ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வே முருகனிட்டைப் போய் அந்த மனிசன்ரை பேரிலை ஒரு அர்ச்சனை செய்வம். அவருக்கு என்ன நட்சத்திரம் எண்டு மட்டும் ஐயரிட்டைச் சொல்ல ஏலாது.”

அர்ச்சனை செய்தோம். சுவாமி பெயருக்கே செய்யச் சொன்னோம்.

தகுதிகாண் காலம் முடிகிற நாள் வந்தது, போனது. என்னை நிரந்தரமாக்கும் கடிதம் வரவில்லை. ஒரு கிழமை பார்த்தேன். இரண்டு கிழமை பார்த்தேன். அந்தக் கடிகாரம் திரும்பி வரும்வரை காத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். களஞ்சியக்காரர் ஒவ்வொரு காலையும் “லெட்டர் வந்துச்சாம்மா?” என்று கேட்பார். இல்லை என்றதும், “நான் அப்பவே சொன்னேன்” என்று முகம் சொல்லும், வாயால் மட்டும் சொல்லமாட்டார்.

ஒரு மதிய இடைவேளையில் தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கடிதம்தான் என்று போனேன். அவர் மேசையில் ஒரு பழைய கோப்பு இருந்தது. உள்ளே கடிதங்களின் பிரதிகள்.

“நிறுவனத்தின் வரலாற்றுப் புத்தகத்தை வாசித்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

“ஆம்.”

“இது அந்தப் புத்தகத்தில் இல்லாதது” என்று சொல்லத் தொடங்கினார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த வால்வு எப்படி வந்தது என்று சொன்னார். கண்ணாடி பறக்கிறது என்று சுழியோடிகளிடமிருந்து முதல் கடிதங்கள் வந்தபோது, தலைமையகத்தில் ஒருவரும் நம்பவில்லையாம். கடிகாரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, கடலைவிடக் கூடிய அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்களாம். ஒன்றும் ஆகவில்லை. ‘நீங்கள் எங்கேயோ மோதி உடைத்திருக்கிறீர்கள்’ என்று பதில் எழுதினார்களாம். அந்தச் சுழியோடிகள் விடவில்லை. திரும்பத் திரும்ப எழுதினார்கள். கடைசியில் ஒருவர் போய் அழுத்த அறையின் வாசலில் நாட்கணக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அப்போதுதான் விளங்கியது. குறை தண்ணீரில் இருக்கவில்லை, தண்ணீரே இல்லாத அறையில் இருந்தது. அவர்கள் தேடியது முழுக்கத் தப்பான இடத்தில்.

“உறைக்குள் தூசி புகுகிறது என்பதும் முறைப்பாடுதான். சாவி கொடுக்க மறந்து கடிகாரம் நிற்கிறது என்பதும் முறைப்பாடுதான்” என்றார். “நாங்கள் கண்டுபிடித்தோம் என்று பெருமையாகச் சொல்லும் எல்லாவற்றுக்கும் முன்னால், யாரோ ஒருவர் ‘இதில் ஏதோ பிழை’ என்று சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் அதை ஒருவரும் கேட்க விரும்பியிருக்கமாட்டார்கள். இந்தக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள்.”

ரயிலில் அந்தக் கோப்பை வாசித்துக்கொண்டு போனேன். மோர்டன் கடைசி நிலையம் என்பதால் இறங்க மறக்கவில்லை.

ஐந்தாவது கிழமை சுழியோடி வந்தார். கடிகாரத்தின் கண்ணாடி பறக்கவில்லை. குமிழைத் திறந்தபடி, அது தற்செயலாக மூடிவிடாமல் பிளாஸ்திரி ஒட்டி, கடிகாரத்தைத் துவாயோடு கொண்டுவந்திருந்தார். அவரை வரவேற்பறையில் இருக்கச் சொல்லிவிட்டு, நானும் தலைவரும் வால்வைத் திறந்தோம். களஞ்சியக்காரரும் வந்து பின்னால் நின்றார்.

தலைவர்தான் முதலில் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் தந்தார்.

உள்ளே இருந்தது புது ஸ்பிரிங். வெள்ளிபோல மின்னியது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் வாங்கியது ஒன்று. ஒன்று மேசையில், ஒன்று இங்கே. எப்படி? களஞ்சியக்காரர் உள்ளே போனார். வரும்போது அந்த ஸ்பிரிங்குகள் வரும் சிறு பைகளில் நாலைந்தைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக வெள்ளைத் தாளில் கொட்டினார். மூன்றாவது பையிலிருந்து விழுந்தது பார்வைக்கு ஒரே ஸ்பிரிங்காகத்தான் இருந்தது. சாமணத்தால் தட்டியதும் இரண்டாகப் பிரிந்தது.

“ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக்கிட்டு வந்திருக்கும்மா” என்றார். “நான் பையைத்தான் எண்ணினேன். உள்ள இருக்கறதை எண்ணலை. இது என்னோட தப்பு.” அந்த மனிதர் அதைத் தலைவர் முன்னால் சொன்னார். யாரும் கேட்கவில்லை, தானாகவே சொன்னார்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம். ஒன்றுமில்லாத ஒன்றுக்காகக் கப்பலையே கூப்பிட்டு, ஒரு மனிதரை நான்கு கிழமை யோசிக்க வைத்து, முழுத் திருத்தகத்தையும் கலக்கியிருந்தேன். தலைவரிடம், “கடிதம் இனி வராது என்று நினைக்கிறேன்” என்றேன்.

“எந்தக் கடிதம்?”

“என்னை நிரந்தரமாக்கும் கடிதம்.”

அவர் முகம் சுருங்கியது. “இன்னும் வரவில்லையா? நீங்கள் கப்பலோடு கதைத்த அன்று மாலையே கையெழுத்துப் போட்டுத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டேனே!” உடனே போனை எடுத்து, நான் பயிற்சிக்காலத்தில் அரைகுறையாகப் படித்த பிரெஞ்சு மொழியில், நான் படித்திராத சொற்களால் யாரையோ திட்டினார்.

சுழியோடியிடம் விஷயத்தைச் சொல்ல நானே வெளியே போனேன். ஸ்பிரிங் புதிதாகத்தான் இருந்தது, என் சந்தேகம்தான் பிழை என்று சொன்னேன்.

“அப்படியென்றால் ஒன்றுமில்லாததற்கா கடலுக்குப் போன் எடுத்தீர்கள்?”

“ஓம்” என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது.

அவர் சிரித்த சிரிப்பில் வரவேற்பறையில் இருந்த கனவான்கள் பத்திரிகைகளைத் தாழ்த்திப் பார்த்தார்கள். அறைக்குள் இருந்த நால்வரும் அன்று முழுக்க அந்த அழைப்பைப் பற்றியே கதைத்தார்களாம். உள்ளே அடைபட்டிருப்பவனுக்கு வெளியிலிருந்து போன் வந்தால் அது சாவு வீட்டுச் செய்தியாகத்தான் இருக்குமாம். ஒரு ஸ்பிரிங்குக்காக ஒருத்தி கூப்பிட்டாள் என்றதும் அவர்களுக்கு நம்ப முடியவில்லையாம்.

பிள்ளைகளே, அதற்குப் பிறகு நான் விட்ட பிழைகள் உண்மையான பிழைகள். ஒரு பழைய முகப்பைத் துடைக்கப்போய் எழுத்தை அழித்திருக்கிறேன். ஒரு மணப்பெண்ணின் கடிகாரத்தை வேறொருவர் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். அவற்றைச் சொல்ல எனக்குக் கால்மணி நேரம் எடுக்கவில்லை. நேரே போய்ச் சொன்னேன்: தெரிந்தது இது, தெரியாதது இது, இனிச் செய்ய வேண்டியது இது. தொண்ணூறுகளில் நான் இறுதிப் பரிசோதனைக்குப் பொறுப்பானபோது என் மேசைக்கு வந்தவர்களிடமும் அந்த மூன்றையும்தான் கேட்டேன். அவர்களிடம் மன்னிப்பை எதிர்பார்த்ததில்லை. அது நேரத்தை வீணாக்கும். சந்தேகம் பொய்யாகிப்போனால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்தச் சிரிப்புக்கு நீங்கள் பயப்படக்கூடாது என்பதுதான் என் ஆசை.

அந்த ஸ்கொட்லாந்துக்காரர் சில வருடங்களுக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நான்தான் திறக்க வேண்டும். தொண்ணூறுகளின் முடிவில் கடைசியாக வந்தபோது தலை முழுதும் நரைத்திருந்தது. சுழியோடுவதை விட்டுவிட்டதாகச் சொன்னார். மகள் ஆசிரியை ஆகிவிட்டாளாம். “இனிக் குளியல் தொட்டிக்கு மேல் ஆழம் போகமாட்டேன்” என்றார்.

“அப்படியென்றால் வால்வில் கைவைக்கத் தேவையில்லை. அந்த வேலையை விட்டுவிடுகிறேன்” என்றேன்.

“இல்லை, மாற்றுங்கள். மாற்றிவிட்டு எனக்கு ஒரு போன் எடுங்கள்.”

அடுத்த கிழமை மேசையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். மறுமுனையில் அவரே பேசினார், தன் சொந்தத் தடித்த குரலில். ஸ்பிரிங் புதிது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன், மேசையில் ஒன்றும் மிச்சமில்லை என்றேன்.